படியெடுக்கப்படாத கடிதங்கள்

புக்கிட் மெர்தாஜாம் மலையடியில், புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்துக்குள் ஒரு பாறை இருக்கிறது. செரோக் தொக்குன் பாறை என்பார்கள். ஆண்டுதோறும் ஜூலைத் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வரும் பெருங்கூட்டத்தில் அந்தப் பாறையின் பக்கம் திரும்புகிறவர்கள் சிலரே. அதன் முகத்தில், பல்லவ எழுத்தை ஒத்த வடிவில், சமஸ்கிருத வரிகள் தேய்ந்து கிடக்கின்றன. எழுத்தமைதியை வைத்து 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று மதிப்பிடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜேம்ஸ் லோ 1840களில் இதை வெளியுலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்பே, 1834இல், இதே செபராங் பிறை வட்டாரத்தில் இன்னொரு கல்லை அவர் கண்டெடுத்திருந்தார். நடுவில் ஒரு தூபியின் உருவம், சுற்றிலும் எழுத்து. ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், அதாவது மரக்கலத் தலைவன், தன் பயணம் நல்லபடி முடிய வேண்டிப் பொறித்தது. அந்தக் கல் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

புத்தகுப்தனைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: பெயர், தொழில், ஊர், ஒரு வேண்டுதல். ஆனால் கப்பல் நடத்துகிறவன் கல்லில் எழுதித் தொழில் நடத்த முடியாது. சரக்கு யாருடையது, முன்பணம் கொடுத்தவன் யார், எந்தத் துறையில் யாரிடம் இறக்குவது, பாதியில் நோய்ப்பட்ட மாலுமியின் கூலியை யாரிடம் சேர்ப்பது என்பதையெல்லாம் எழுதித்தான் அனுப்பியாக வேண்டும். முடா ஆற்றுக்கு வடக்கே சுங்கை மாஸிலும் பூஜாங் பள்ளத்தாக்கிலும் கோயில் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன, கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன, சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. அந்த நூற்றாண்டுகளின் கெடாக் கரையிலிருந்து ஒரு கடிதம்கூட நம் கைக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்று உண்டு. 6ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரை, மேல் எகிப்தில், நைல் ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்த நெசவாளர்கள், துறவிகள், கைம்பெண்கள், ஊர்த்தலைவர்கள், வரி எழுதும் கணக்கர்கள் ஆகியோரின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்திருக்கின்றன. அவை எழுதப்பட்ட மொழி காப்டிக். பிரமிடு கட்டியவர்கள் பேசிய எகிப்திய மொழியின் கடைசி வடிவம் அது. கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்திலிருந்து ஆறேழு குறிகளைச் சேர்த்துக்கொண்டு அதை எழுதினார்கள். எழுதிய பொருள் பாப்பிரஸ். அது கிடைக்காதபோது உடைந்த பானை ஓடு, சுண்ணாம்புக்கல் சில்லு.

தமிழ் வாசகர் இந்தக் கடிதங்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். நம் பக்கத்தில் எது காணாமல் போயிருக்கிறது என்பதை அவற்றைப் படித்தால்தான் உணர முடிகிறது என்பதே என் பதில். கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் நமக்கு நிறையவே உண்டு. அந்த நிறைவு, இல்லாமல் போனதை மறைத்துவிடுகிறது.

முதலில் பாப்பிரஸ். நைல் சதுப்பில் வளரும் கோரை இனத் தண்டின் உள்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, நெடுக்கில் ஓர் அடுக்கும் குறுக்கில் ஓர் அடுக்கும் வைத்து அழுத்தினால் தாள். தாள்களை ஒட்டினால் சுருள். கடிதம் எழுதுகிறவர் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொள்வார். புகைக்கரியும் பிசினும் கலந்த மை, நாணல் பேனா. நம் ஓலையில் எழுத்தாணியால் கீறிய பிறகு கரி தடவினார்கள். இங்கே கரியே நேரடியாக மேற்பரப்பில் அமர்கிறது. தலைப்பில் ஒரு சிலுவைக் குறி, பிறகு முகமன், பிறகு சேதி, முடிவில் ஆண்டவரில் நலமாயிரும் என்ற பொருளில் ஒரு விடைபெறல். எழுதி முடித்ததும் நெருக்கமாக மடித்து, நூலால் கட்டி, களிமண்ணில் முத்திரை வைத்து, வெளிப்பக்கத்தில் யாரிடம் சேர்க்க வேண்டும், யார் அனுப்புவது என்று எழுதுவார்கள். அஞ்சல் துறை அரசனுக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் போகும் ஒட்டகக்காரனோ படகுக்காரனோதான் தபால்காரன்.

களிமண் முத்திரை நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஓலையைக் கோசிகன் கொண்டுவரும்போது அது மண் இலச்சினை இட்ட ஓலையாகத்தான் வருகிறது. கோவலன் அதைப் படித்துவிட்டு, அதன் சொற்கள் தான் சொல்ல நினைப்பதற்கும் பொருந்துவதால், அதே ஓலையைத் தன் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான். எழுதிய பொருளை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது எகிப்திலும் வழக்கம். பழைய கணக்கின் மறுபக்கத்தில் கடிதம், வந்த கடிதத்தின் வெற்றிடத்தில் பதில்.

பாப்பிரஸ் விலையுள்ள பொருள். பானை ஓட்டில் எழுதிய பலர், பாப்பிரஸ் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பெரியவருக்கு ஓட்டில் எழுதுவது மரியாதைக் குறைவு. மரியாதையை அவர்கள் வெளிப்படுத்தும் முறையைப் பார்த்தால் நம் தாத்தாக்களின் கடிதங்கள் நினைவுக்கு வரும். பெறுகிறவரின் பாதங்களை வைக்கும் மணையை வணங்குவதாகத் தொடங்குவார்கள். எழுதுகிறவர் தம்மை மிகச் சிறியவன், பாவி என்று தாழ்த்திக்கொள்வார். மகாராஜராஜஸ்ரீ என்று தொடங்கி அடியேன் என்று முடித்த ஒரு தலைமுறையின் வாரிசுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதங்கள் பிழைத்ததற்குக் காரணம் மழையின்மை. அவை கிடைத்த லக்சோர் பக்கம் மழை என்பது அபூர்வம். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. எகிப்துக்குள்ளேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். பண்டைய உலகின் மிகப் பெரிய நூலகத்தை வைத்திருந்த அலெக்சாந்திரியா கடலோரத்தில், ஈர மண்ணில் இருக்கிறது. அங்கு எழுதப்பட்டவை கணக்கில் அடங்காதவை, அந்த மண்ணிலிருந்து கிடைத்தவையோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. தெற்கே பாலைவன விளிம்பிலிருந்த சிறுநகரான ஆக்ஸிரிங்கஸின் குப்பைமேடுகளில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் 1896 முதல் தோண்டியெடுத்த துண்டுகள் சில லட்சம். எழுத்தறிவு அதிகம் இருந்த இடத்தில் எழுத்து பிழைக்கவில்லை, மழை இல்லாத இடத்தில் பிழைத்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கெடாக் கரையில் கடிதம் கிடைக்காததை வைத்து அங்கே எழுதுகிறவர்கள் இல்லை என்ற முடிவுக்கு யாரும் போக மாட்டார்கள்.

தமிழ்க் கரைக்கும் எகிப்தின் வறட்சி உதவியிருக்கிறது. செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பானை ஒறி, அதாவது பானை உறி, என்று எழுதிய இன்னொரு ஓட்டை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிவந்த ஹெர்மபோலோன் என்ற கப்பலையும், அதற்கான கடன் ஒப்பந்தத்தையும் பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. 1985இல் அது அச்சில் வந்த பிறகுதான் முசிறி வணிகத்தின் கணக்கு எப்படி ஓடியது என்பது தெரிந்தது. கேரள மண் அந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரதியையும் காப்பாற்றித் தந்திருக்க முடியாது.

இனி லக்சோருக்கு எதிர்க்கரையான மேற்குத் தீப்ஸின் மனிதர்களைப் பார்க்கலாம். மூன்றாம் ராம்சேஸ் கட்டிய மெதினெத் ஹாபு கோயிலின் மதில்களுக்குள் ஜெமே என்ற ஊர் இருந்தது. கோயிலின் பழைய சுவர்களையே அண்டி வீடுகள், தெருக்கள், தேவாலயங்கள். சுற்றியுள்ள மலைச்சரிவில், அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதிகாரிகளுக்காகக் குடைந்த கல்லறைகள் உண்டு. அந்தக் கல்லறைகளில் காப்டிக் துறவிகள் குடியேறினார்கள். தாகா என்ற அமைச்சனின் கல்லறையைச் சுற்றி எழுந்த எப்பிபானியஸ் மடத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக் 1911 முதல் 1914 வரை அகழ்ந்தார். தரையில் வெட்டிய தறிக்குழிகள் அப்படியே இருந்தன. துறவிகள் ஆளிநார்த் துணி நெய்தார்கள், கயிறு திரித்தார்கள், கூடை முடைந்தார்கள், நூல்களைப் படியெடுத்தார்கள். கிடைத்த கடிதங்களை வால்டர் யூயிங் கிரம் படித்து 1926இல் வெளியிட்டார். அதே கிரம் தொகுத்து 1939இல் முழுமை பெற்ற காப்டிக் அகராதி இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். அகராதியின் பக்கங்களில் வேதாகமச் சொற்களுக்குப் பக்கத்திலேயே, கயிற்றுக்கும் கூடைக்கும் இந்தக் கடிதங்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் நிற்கின்றன.

மடத்துக்குப் பெயர் தந்த துறவி எப்பிபானியஸுக்கு வந்த கடிதங்களில் ஜெபம் கேட்பவை உண்டு, நோய்க்கு ஆசி கேட்பவை உண்டு. ஊர்த்தலைவனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பவையும் உண்டு. மலைக்குகையில் உலகத்தைத் துறந்து உட்கார்ந்திருந்தவரிடம்தான் ஊரார் சிறைப்பட்டவனை விடுவிக்கச் சொல்லியும், கடனுக்குத் தவணை வாங்கித் தரச் சொல்லியும் எழுதினார்கள். துறவி என்பவர் அந்தச் சமூகத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்பதைப் புனிதர் வரலாறுகள் மட்டும் கையில் இருந்தால் தவறாகத்தான் புரிந்துகொண்டிருப்போம். காப்து நகர ஆயர் பிசெந்தியஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 599இல் ஆயரானவர், 632இல் இறந்தார். அவரைப் புகழ்ந்து எழுதிய வரலாற்றில் அவர் ஒரு கல்லறைக்குள் பதப்படுத்திய பிணத்தோடு பேசுகிறார். அவருக்கு வந்த பாப்பிரஸ் கடிதங்களின் பெரும்பகுதி பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. யூஜின் ரெவியூ 1900இலும் 1902இலும் அவற்றை அச்சிட்டார். அவற்றில் பிணம் எதுவும் பேசுவதில்லை. நிச்சயித்த பெண்ணைப் பற்றிய வழக்கு, கணவன் மனைவி தகராறு, ஒழுங்கு தவறிய குருமார், எளியவர்களின் முறையீடு ஆகியவைதான் அவர் மேசைக்கு வந்திருக்கின்றன. 619 முதல் பத்தாண்டு பாரசீகர்கள் எகிப்தைப் பிடித்து வைத்திருந்தபோது ஆயர் ஜெமே மலைப்பக்கம் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கேயும் கடிதம் அவரைத் தேடி வந்தது.

பெரும்பாலோர் தாமே எழுதவில்லை. எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். குறிப்பாகப் பெண்களின் கடிதங்களில் இதைப் பார்க்கலாம். ஒரே பெண் பெயரில் வந்த கடிதங்கள் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கும். ஆனாலும் வாக்கியத்தின் போக்கில் பேசுகிறவளின் அவசரமும் கோபமும் தெரியும். எழுதுபவர் முகமனை ஒழுங்காக எழுதிவிடுவார், சேதிக்கு வந்ததும் அவள் சொல்லும் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். ஜெமேயில் கொலோஜே என்ற பெண் வட்டிக்குக் கடன் கொடுத்துவந்தாள் என்பது அவள் வைத்திருந்த சீட்டுகளால் தெரியவந்தது. வரலாற்று நூல் எதிலும் இடம்பெறும் வாய்ப்பே இல்லாதவள்.

இதே மலையில், இன்னொரு கல்லறையில், 8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஃப்ராங்கே என்ற துறவி இருந்தார். நெசவு அவர் தொழில். நூல்களைப் படியெடுத்து, அவற்றைக் கட்டவும் செய்தார். பெல்ஜிய ஆய்வாளர்கள் அந்தக் கல்லறையைத் துப்புரவு செய்தபோது எழுநூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துச் சில்லுகள் வெளிவந்தன. ஆன் பூடோர்ஸும் ஷாந்தால் எர்த்தெலும் அவற்றை 2010இல் பதிப்பித்தார்கள். ஃப்ராங்கே எழுதிக்கொண்டே இருந்த மனிதர். த்ஸியே என்ற பெண்ணுக்கு, சக துறவிகளுக்கு, வேலை கொடுத்தவர்களுக்கு. ஒருவரை வாழ்த்தும்போது அவர் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் சேர்த்தே வாழ்த்துவார். கேட்ட பொருள் வரவில்லையென்றால் கடிந்துகொள்வார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கைத்தொழிலாளியின் குணத்தை, அவர் வாயாலேயே கேட்டு அறிந்துகொள்ள முடிகிற இடங்கள் உலகில் மிகச் சில. அவர் காலத்தில் காஞ்சியில் கைலாசநாதர் கோயில் எழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோயிலின் சிற்பி ஒருவரும் நம்மிடம் இப்படிப் பேசவில்லை.

ஃப்ராங்கே வாழ்ந்தது அரபு ஆட்சியில். 642க்குள் எகிப்து கலீபாக்களின் கீழ் வந்துவிட்டது. ஆட்சி மாறியதும் பாப்பிரஸ் எழுத்து குறையவில்லை, பெருகியது. 1901இல் கோம் இஷ்காவ் கிராமத்தில் கண்டெடுத்த ஆவணக் குவியலில், 709 முதல் 714 வரை ஆளுநராக இருந்த குர்ரா இப்னு ஷரீக் அந்த வட்டார அதிகாரி பசிலியோஸுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. வரி பாக்கி ஏன், ஓடிப்போனவர்களைப் பிடித்தாயா, கப்பற்படைக்கு ஆள் எங்கே, டமாஸ்கஸ் பள்ளிவாசல் வேலைக்குத் தச்சர்கள் எங்கே என்று கேள்விமேல் கேள்வி. ஆளுநரின் ஆணை அரபியிலும் கிரேக்கத்திலும் வந்தது. ஊரார் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டுகள் காப்டிக்கில் இருந்தன. மேலிருந்து வரும் மொழி ஒன்று, கீழே பேசும் மொழி வேறு. இதற்கு நூறாண்டு முன்பு ஹெர்மோந்திஸ் ஆயர் ஆபிரகாம் தம் உயிலைக் கிரேக்கத்தில் எழுதுவித்தபோது, தமக்குக் கிரேக்கம் தெரியாது என்றும், தம் மொழியில் விளக்கிச் சொல்லக் கேட்ட பிறகே ஒப்பமிடுவதாகவும் அதிலேயே பதிவுசெய்தார். செரோக் தொக்குன் பாறையின் சமஸ்கிருதத்தைப் படிக்கும்போது இதை நினைக்க வேண்டும். ஒரு மொழி பாறையில் வெட்டப்பட்டிருப்பது, அது அந்த ஊர்ச் சந்தையில் பேசப்பட்டது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

அந்த வரிக்காலத்தின் மிகத் துயரமான ஆவணங்கள் பயணச் சீட்டுகள். ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பெயர், அடையாளம், போகுமிடம், எத்தனை மாதம் என்று எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள். ஒரு மடத்துத் துறவிகள் தாங்கள் திரித்த கயிற்றைப் பையூமில் விற்று, அந்தக் காசில் தலைவரி கட்டுவதற்காகச் சீட்டு கேட்ட கடிதம் இருக்கிறது. வரிக்கு அஞ்சி ஓடியவர்களை ஜெமேத் தலைவர்கள் திரும்ப அழைத்த சீட்டுகளும் உண்டு. வீட்டுக்கு வா, உனக்குத் தீங்கு செய்ய மாட்டோம், இன்ன தவணை மட்டும் கேட்போம் என்று கடவுள் பெயரால் வாக்குக் கொடுப்பார்கள். இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை நடைமுறையில் இருந்த துண்டு முறையைப் படித்தவர்களுக்கு இந்தச் சீட்டின் கனம் தெரியும். துண்டு கையில் இல்லாத கூலி அடுத்த தோட்டத்தில் வேலை கேட்க முடியாது.

இப்போது நம் பக்கம். அந்த நூற்றாண்டுகளிலும் அவற்றுக்கு முன்னும் பின்னும் தமிழர்கள் நிறைய எழுதினார்கள். கடல்கடந்தும் எழுதினார்கள். தென் தாய்லாந்தின் குளோங் தோமில் பெரும்பதன் என்ற பொற்கொல்லனின் உரைகல் தமிழ்-பிராமி எழுத்தோடு கிடைத்தது. தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் சொல்கிறது. சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. இவையெல்லாம் அறிவிப்புகள். ஊருக்கும் கடவுளுக்கும் தெரிய வேண்டும் என்று நட்டவை. ஒருவர் இன்னொருவரிடம் மட்டும் சொன்னது எதுவும் அவற்றில் இல்லை.

ஆனால் கல்லிலும் செம்பிலும் சில கடிதங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். கடாரத்து (கெடா) அரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த விகாரத்துக்கு, முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அரசன் வாய்மொழியாகச் சொல்கிறான். திருமந்திர ஓலை எழுதுகிறவர் எழுதுகிறார். ஓலை நாயகங்கள் ஒப்பமிடுகிறார்கள். வரிப் புத்தகத்தில் பதிகிறார்கள். பிறகு நாட்டாருக்குத் திருமுகம் போகிறது. நாட்டார் எதிர்கொண்டு போய்த் தொழுது வாங்கித் தலைமேல் வைத்து, பெண் யானையை நடத்தி எல்லை காட்டி, அறவோலை எழுதித் தருகிறார்கள். இவ்வளவும் செப்பேட்டிலேயே இருக்கிறது. ஓர் ஓலை அரண்மனையிலிருந்து கிராமம் வரை நடந்த வழி முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஓலை போய்விட்டது, செம்பு நின்றது. 1090இல் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேட்டிலும் கடாரத்துத் தூதர்கள் இருவர் வந்து விண்ணப்பித்ததும், அதன்பேரில் ஆணை பிறந்ததும் இருக்கின்றன.

எந்த ஓலை செம்பில் ஏறியது என்பதைப் பார்க்க வேண்டும். நிலத்தைக் கொடுத்த ஓலை, வரியை நீக்கிய ஓலை. பின்னாளில் வழக்கு வந்தால் காட்ட வேண்டிய ஓலை. சொத்து இருந்த இடத்தில் படியெடுத்தார்கள். நூல்களும் அப்படித்தான் பிழைத்தன. ஓர் ஓலைச்சுவடி நன்றாகப் பேணினாலும் முந்நூறு ஆண்டைத் தாண்டுவது அரிது. உ.வே. சாமிநாதையர் கையில் கிடைத்த சுவடிகள் எவையும் சங்க காலத்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் எழுதிவைத்ததால்தான் புறநானூறு வந்து சேர்ந்தது. மடமும் கோயிலும் புலவர் குடும்பமும் அந்த வேலையைச் செய்தன. கடிதத்தைப் படியெடுப்பவர் யார்? சேதி சேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது. அடுப்புக்கோ கறையானுக்கோ போயிற்று. நம்மிடம் மிஞ்சியிருக்கும் எழுத்து எல்லாமே யாரோ ஒருவர் மிஞ்ச வேண்டும் என்று தீர்மானித்த எழுத்து. எகிப்தின் குப்பைமேட்டில் அந்தத் தீர்மானத்துக்கு இடமில்லை. தூக்கி எறிந்ததும் பிழைத்தது. அதனால்தான் கொலோஜேயும் ஃப்ராங்கேயும் வரலாற்றுக்குள் வந்தார்கள்.

தமிழ்ச் சாமானியர்களின் கடிதங்கள் தொகுப்பாகக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று தரங்கம்பாடியில் நேர்ந்தது. சீகன்பால்குவும் க்ருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் அவர்கள் வழக்கங்களையும் வழிபாட்டையும் பற்றிக் கேள்விகள் கேட்டு, ஓலையில் வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அங்கே அச்சாயிற்று. தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய தமிழர்கள் தம் வீட்டைப் பற்றியும் சாதியைப் பற்றியும் சொன்னதை நாம் ஜெர்மன் மொழியிலிருந்து மீட்டுத்தான் படிக்கிறோம். எதைக் கேட்க வேண்டும் என்பதையும் பாதிரிமார்களே முடிவுசெய்தார்கள். இதையும் ஃப்ராங்கேயின் ஓட்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

பினாங்கைப் பற்றிச் சொன்னால், அங்கே கம்பெனி ஆட்சியை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்கு வந்த ஏறக்குறைய 1,200 மலாய்க் கடிதங்கள் லண்டனின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியில் (SOAS) இருக்கின்றன. கெடா சுல்தானிலிருந்து வணிகர்கள் வரை எழுதியவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நீரிணை எப்படி இயங்கியது என்பதை அவற்றை வைத்துத்தான் எழுதுகிறார்கள். அவை காப்பாற்றப்பட்டது ஓர் அதிகாரியின் கோப்பில் சேர்ந்ததாலும், இங்கிலாந்துக்குப் போனதாலும். இந்த ஊரிலேயே கிடந்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும்?

அதற்குப் பின்வந்த தமிழ்க் கடிதங்களின் கதை இன்னும் முடியவில்லை. பினாங்குத் தெருக் கிட்டங்கிகளிலிருந்து செட்டியார் முகவர்கள் செட்டிநாட்டு முதலாளிகளுக்கு எழுதிய கடிதங்கள், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் ஊருக்கு அனுப்பியவை, ஊரிலிருந்து வந்தவை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது. கங்காணி மூலம் ஆள் எடுப்பது 1938இல் நின்றது. கடிதம் நிற்கவில்லை. எழுதத் தெரியாதவருக்குத் தோட்ட எழுத்தரான கிராணியோ பள்ளிக்கூட வாத்தியாரோ எழுதிக்கொடுத்தார். முகமன் முழுவதும் அவருடையது, நடுவில் பணம் அனுப்பியதும், மாடு விற்றதும், தங்கை கல்யாணமும் சொன்னவருடையது. ஜெமேயில் கண்ட அதே அமைப்பு. ஜப்பானியர் ஆண்ட 1941 முதல் 1945 வரையிலான இடைவெளிக்குப் பிறகு எழுதிய கடிதங்கள் தனியாகவே ஆராயத் தக்கவை. யார் உயிரோடு இருக்கிறார், சயாம் ரயில்பாதைக்குப் போன யார் திரும்பவில்லை என்பதைச் சொல்லும் வேலை அவற்றுக்கு இருந்தது.

இவை பிஸ்கட் டின்னிலும் இரும்புப் பெட்டியிலும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. தோட்டம் விற்கப்பட்டு, வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பம் அடுக்குமாடிக்கு மாறும்போதுதான் அவை குப்பைக்குப் போகின்றன. நம் குப்பைமேடு எதையும் காப்பாற்றாது. ஆகவே இங்கே படியெடுக்கத்தான் வேண்டும்.

எப்படி என்பதற்கும் காப்டிக் ஆய்வின் அனுபவம் உதவுகிறது. பிசெந்தியஸின் கடிதங்கள் எந்த அறையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தன என்ற குறிப்பின்றி வந்ததால், எது எதற்குப் பதில் என்பதில் அறிஞர்கள் நூறாண்டாகத் திணறுகிறார்கள். ஃப்ராங்கேயின் சில்லுகள் அகழ்வில், இடம் குறித்து எடுக்கப்பட்டதால் ஒன்றோடொன்று பேசுகின்றன. நம் வீட்டுக் கட்டையும் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கிவிடக் கூடாது. கட்டியிருந்த வரிசையிலேயே எண்ணிட வேண்டும். உறையையும் நீல வான்கடிதத்தின் முகவரிப் பக்கத்தையும் சேர்த்தே படம் எடுக்க வேண்டும், ஏனென்றால் அஞ்சல் முத்திரையும் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும் அங்கேதான் இருக்கின்றன. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிளையும் மெல்ல எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும், அமிலம் நீக்கிய தாள் உறையே நல்லது. எழுதிக்கொடுத்த கை யாருடையது, கடிதத்தில் வரும் பெயர்கள் யாருக்கு என்ன உறவு என்பதை எண்பதைத் தாண்டிய அத்தைகளிடமும் சித்தப்பாக்களிடமும் கேட்டு, கடிதத்தின் மேல் எழுதாமல், தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வைக்க வேண்டும்.